உருக்கும் என்பும் ஒரு பிடிவாதப் புரதமும்

(நூற்றாண்டு விழாவின் பகல் அமர்வில் பழைய மாணவிகள் இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு உரைக்கு இருவர் மேடையேறுவது இந்த மண்டபத்தில் வழக்கமில்லை. உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் என்பு முறிவுச் சத்திரசிகிச்சைக்குப் போனார். மற்றவர் மூளையை அழிக்கும் பிரியோன் நோய்களை ஆராயும் வேலைக்குப் போனார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டும் சந்திக்கும் இடம் உருக்கு; நாம் சில்வர் என்று சொல்லும் அதே கறையில் உருக்கு. இரண்டு கதைகளும் பெரும்பாலும் ஒரே நாட்டில், சுவிற்சர்லாந்தில் நடந்தவை. அங்கே வாழும் எங்கள் பழைய மாணவிகள் பலருக்கு டாவோஸும் சூரிச்சும் றெயிலில் கடந்து போகும் ஊர்கள்.

முதலில் என்பு. எங்கள் ஊர்களில் கை முறிந்தால் முறிவு நெரிவுப் பரியாரியாரிடம் போவார்கள். அவர் இழுத்து நேராக்கி, பத்துப் போட்டு, மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டுவார். அதை இளக்காரமாகச் சொல்ல நாங்கள் வரவில்லை. முன்கையின் எளிய முறிவுகள் பல அப்படியே பொருந்தியிருக்கின்றன. கஷ்டம் தொடை என்பில்தான். அதைச் சுற்றியுள்ள தசைகள் மிக வலியவை. முறிந்த துண்டுகளை அவை ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்து விடும். ஆகவே ஐரோப்பிய வைத்தியசாலைகளிலும் நோயாளியைக் கட்டிலிற் கிடத்தி, காலிற் பாரம் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தார்கள். என்பு பொருந்தும் முன்னரே படுக்கைப்புண், நுரையீரல் அழற்சி, காலில் குருதி உறைதல் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். தப்பியவருக்கும் முழங்கால் மடங்காது.

உள்ளே உலோகம் வைத்துப் பூட்டலாம் என்ற எண்ணம் பழையது. பெல்ஜியத்தின் லாம்பொத் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைச் செய்தார். ஆனால் சீழ் பிடிக்கும், உலோகம் அரிக்கும், திருகாணி கழரும். எனவே பெரும்பாலான வைத்தியர்கள் அதைக் கிட்டவும் சேர்க்கவில்லை. 1950 இல் மோரிஸ் முல்லர் என்ற இளம் சுவிஸ் வைத்தியர் பிரசெல்சுக்குப் போய் றொபேர் டனி என்பவரைச் சந்தித்தார். முறிந்த இரு முனைகளையும் உலோகத் தகட்டினால் இறுக்கி நெருக்கினால், வெளியே கட்டியொன்றும் திரளாமல் என்பு நேரடியாகப் பொருந்துகின்றது, நோயாளி சில நாட்களிலேயே மூட்டை அசைக்கிறார் என்பதை அங்கே கண்டார். 1958 நவம்பர் 6 ஆம் திகதி பீல் நகரில் 13 சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஜேர்மன் பெயரின் முதலெழுத்துக்களால் அதை ஏ.ஓ. என்பார்கள்.

அந்தச் சங்கத்தில் எங்களுக்குப் பிடித்த விடயம் அவர்களுடைய கணக்குப் புத்தகம். செய்த ஒவ்வொரு சத்திரசிகிச்சையையும் கதிர்ப்படத்தோடு பதிய வேண்டும். பிழைத்ததையும் பதிய வேண்டும். பெத்லாக் என்ற ஊரில் சிறிய பட்டறை வைத்திருந்த றொபேர்ட் மாத்திஸ் கருவிகளைச் செய்தார். கைக்கடிகாரத்துக்கு உலோகம் ஆராய்ந்த ஸ்ரோமான் நிறுவனம் அரிக்காத உருக்கைத் தேடிக் கொடுத்தது. 1960 டிசம்பரில் டாவோஸில் முதலாவது பயிற்சி வகுப்பு நடந்தது. இன்று இலங்கையில் தொடையில் பிளேற் வைத்திருப்பவருக்கும் அந்த வகுப்பின் பயன் ஏதோவொரு வழியில் வந்து சேர்ந்திருக்கின்றது.

டாவோஸ் ஆய்வுகூடத்தில் ஸ்ரெபான் பெரன் என்பவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: முறிவு எவ்வளவு அசையலாம்? முறிவின் இடைவெளியில் முதலில் வளரும் மென்மையான இழையம் தன் நீளத்தின் 100 வீதம் இழுபட்டாலும் அறாது. கசியிழையம் ஏறத்தாழ 10 வீதம் தாங்கும். என்போ 2 வீதம்தான் தாங்கும். ஆகவே உடல் படிப்படியாகக் கட்டுகின்றது. மெத்தென்ற இழையம் அசைவைக் குறைக்க, அதனால் கசியிழையம் நிற்க முடிகின்றது. அது இன்னும் குறைக்க, என்பு வருகின்றது. அளவுக்கு மீறி அசைந்தால் என்பு வரவே வராது. அதற்காகப் பிளேற்றை எவ்வளவும் விறைப்பாகச் செய்யலாமா என்றால் அதுவும் கூடாது. உருக்கின் விறைப்பு என்பை விட ஏறத்தாழப் பத்து மடங்கு. சுமையெல்லாம் பிளேற் சுமந்தால், வேலை இல்லாத என்பு மெலிந்து போகும். ரைற்றேனியத்தின் விறைப்பு உருக்கின் பாதியளவு என்பது அதற்கு மவுசு வந்ததற்கு ஒரு காரணம்.

இனி அந்தக் கருவித் தட்டுக்கு வருவோம். பிளேற் வைக்கும் நாளில் சத்திரசிகிச்சைக்கூடத்தில் ஒரு பெரிய தட்டு திறக்கப்படும். துளை போடும் அலகுகள், பிடிகள், அளவு கோல்கள், வரிசை வரிசையாகத் திருகாணிகள். ஒருவருக்கு எட்டுத் திருகாணி போனால் மிகுதி தட்டிலேயே இருக்கும். எல்லாம் மீண்டும் கழுவப்பட்டு, நீராவி அழுத்தத்தில் அவிக்கப்பட்டு, அடுத்தவருக்குப் போகும். ஒரு திருகாணி யாருடைய உடலிலும் ஏறாமல் எத்தனையோ சத்திரசிகிச்சைகளைப் ‘பார்த்து’ விடும். பற்றீரியா, வைரசு என்றால் இதில் அச்சமில்லை. 134 பாகை செல்சியஸ் நீராவியில் மூன்று நிமிடம் அவை தாங்கா.

தாங்குவது ஒன்று உண்டு. அதைக் கண்டறிந்த கதையில் ஒரு பெண்ணின் பெயரை இந்த மண்டபத்தில் சொல்லியே ஆக வேண்டும். தென்னாபிரிக்காவிற் பிறந்த திக்வா அல்பர் ஒரு கதிரியல் ஆய்வாளர். செம்மறி ஆடுகளுக்கு வரும் ஸ்கிறேப்பி என்ற மூளை நோயின் காரணியை ஊதாக்கடந்த கதிரால் அழிக்க அவர் முயன்றார். மரபுப்பொருளான நியூக்கிளிக்கமிலம் உள்ள எதுவும் அந்தக் கதிரிற் சிதைய வேண்டும். இது சிதையவில்லை. நியூக்கிளிக்கமிலமே இல்லாத தொற்றுக் காரணி இருக்கலாம் என்று 1967 இல் அவருடைய குழு எழுதியபோது பலர் நம்பவில்லை. 1982 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்ரான்லி புறூசினர் அது ஒரு புரதம் என்று கூறி, பிரியோன் என்று பெயரிட்டார். 1997 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புரதம் எப்படித் தொற்றும்? பனங்கற்கண்டு செய்பவர்கள் காய்ச்சிய பாணியில் நூல் கட்டி விடுவார்கள். நூலில் ஒரு சின்னப் பளிங்கு உண்டானால் பாணியில் உள்ள சீனி அதே ஒழுங்கில் அதன்மேல் படியத் தொடங்கும். எங்கள் எல்லோருடைய மூளையிலும் இந்தப் புரதம் நல்ல வடிவில் இருக்கின்றது. பிழையாக மடிந்த ஒன்று வந்து சேர்ந்தால் நல்லவை அதைப் பார்த்து அதேபோல மடிகின்றன. மூளை பஞ்சுபோலத் துளை விழுகின்றது. மறதி, தள்ளாட்டம், சில மாதங்களில் மரணம். குறோய்ட்ஸ்ஃபெல்ட் - யாக்கோப் நோய் என்பது மனிதரில் இதன் முக்கிய வடிவம். தொற்று எதுவுமின்றித் தானாகவே வரும் வகைதான் அதிகம்; உலகெங்கும் வருடத்துக்குப் பத்து இலட்சத்தில் ஒருவர் அல்லது இருவர். அந்தக் கணக்கு இங்கும் பொருந்துமானால் இலங்கையில் வருடத்துக்கு இருபது முதல் நாற்பது பேர் வரை இருக்க வேண்டும். அதற்கு மருந்து இன்றுவரை இல்லை.

இப்போது சூரிச். 1974 இல் அங்கே ஒரு நோயாளியின் மூளைக்குள் மின்னலைகளை அளக்க மெல்லிய மின்வாய்கள் செருகப்பட்டன. அவருக்கு இந்த நோய் இருந்தது. அதே மின்வாய்கள் பின்னர் வலிப்பு நோயுள்ள இரு இளையோருக்குப் பாவிக்கப்பட்டன. ஒருவருக்கு வயது 17, மற்றவருக்கு 23. இடையில் அவை அற்ககோலாலும் போமல்டிகைட்டு ஆவியாலும் சுத்திகரிக்கப்பட்டிருந்தன. இரண்டு வருடம் முடியுமுன் இருவருக்கும் நோய் வந்தது. 1977 இல் அது மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதோடு முடியவில்லை. அதே மின்வாய்களை மீண்டும் மீண்டும் கழுவி, ஒரு சிம்பன்சியின் மூளையில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கும் வந்தது.

இருபது வருடங்களின் பின் அதே நகரில் சார்ள்ஸ் வைஸ்மன் குழுவினர் இதன் காரணத்தைப் பிடித்தார்கள். சில மில்லிமீற்றர் நீளமான உருக்குக் கம்பித் துண்டுகளைத் தொற்றுள்ள எலி மூளைக் கரைசலில் தோய்த்து, நன்றாகக் கழுவி, நல்ல எலிகளின் மூளையில் வைத்தார்கள். கம்பி ஐந்து நிமிடம் தோய்ந்திருந்ததே போதுமாயிற்று. எலிகள் நோயுற்றன. பிரியோன் உருக்கின் பரப்பில் இறுகப் பற்றிக்கொள்கின்றது, பற்றிய நிலையிலேயே தொற்றவும் வல்லது என்று தெளிவாயிற்று. என்பைப் பூட்ட எந்த உலோகத்தைத் தேடித் தேடி மெருகேற்றினார்களோ, இந்தப் புரதத்துக்கு அதுவே வசதியான இருக்கை.

மனையியல் அறையை நினைத்துப் பாருங்கள். முட்டை பொரித்த தாச்சியை உடனே தண்ணீரில் ஊறப் போட்டால் எளிதிற் போகும். பகல் முழுக்கக் காயவிட்டால் சுரண்ட வேண்டி வரும். வெந்நீர் விட்டால் இன்னும் இறுகும். பிரியோனும் புரதந்தான். கருவியிற் காய்ந்தால் ஒட்டிவிடும். போமலின் அதை அழிப்பதில்லை, பதப்படுத்தி வைக்கின்றது. சூரிச்சில் நடந்தது அதுதான். ஆகவே பாவித்த கருவியை ஈரமாகவே கழுவுமிடத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் சந்தேகிக்கப்படும் நோயாளியின் மூளையையோ முண்ணாணையோ தொட்ட கருவியை எறிந்து எரிப்பதே மேல். முடியாதபோது 1 நோமல் சோடியம் ஐதரொட்சைட்டில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு அவிப்பது, 134 பாகையில் மூன்று நிமிடத்துக்குப் பதில் 18 நிமிடம் அவிப்பது போன்ற வழிகளை உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வகுத்தது. இவற்றையெல்லாம் செய்வது சத்திரசிகிச்சை நிபுணர் அல்லர். கருவி கழுவும் அறையில், கையுறையோடும் தூரிகையோடும் நிற்கும் சிற்றூழியர். அவருக்கு ஒழுங்கான பயிற்சியும், அவசரப்படுத்தாத நேரமும் கொடுக்கும் வைத்தியசாலையே பாதுகாப்பான வைத்தியசாலை. விலையுயர்ந்த இயந்திரங்களை நன்கொடையாகக் கொடுக்கும் எங்கள் கிளைகள் ஒருமுறை அந்த அறையையும் எட்டிப் பார்த்தால் நல்லது.

“அப்படியென்றால் அம்மாவுக்கு இடுப்பில் வைத்த பிளேற்?” இந்தக் கேள்வி எங்களுக்குத் தொலைபேசியில் வராத மாதமில்லை. பிளேற்றும் திருகாணியும் அம்மாவுக்கென்று புதிதாக வைத்தவை, கருவிகள்தான் பொதுவானவை. நோயின் தொற்று மூளையிலும் முண்ணாணிலும் கண்ணின் பின்புறத்திலும் செறிந்திருக்கின்றது. என்பில் அப்படியில்லை. என்புச் சத்திரசிகிச்சைக் கருவி மூலம் இந்நோய் பரவியதாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு ஒன்றேனும் இல்லை. முள்ளந்தண்டில் முண்ணாண் உறையைத் திறக்கும் சத்திரசிகிச்சை வேறு கதை. அங்கே கூடிய கவனம் வேண்டும். இடுப்பு முறிந்த எழுபது, எண்பது வயது அம்மாவுக்கு உண்மையான ஆபத்து, பயந்து தாமதித்துப் படுக்கையிற் கிடப்பது. முறிந்த அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டல்.

பயமும் ஆளைக் கொல்லும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு படிப்பினை உண்டு. மாட்டு மூளை நோய் 1986 இல் அங்கே அடையாளம் காணப்பட்டது. 1996 மார்ச் 20 ஆம் திகதி, அது மனிதருக்கும் வந்திருக்கக்கூடும் என்று அரசு பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இந்தப் புதிய வகை இளம் வயதினரைப் பிடித்தது. தொண்டைச் சதையிலும் இருந்தது. எனவே 2001 இல் தொண்டைச் சதை அகற்ற ஒருமுறை பாவித்து எறியும் கருவிகளைக் கட்டாயமாக்கினார்கள். அவை தரத்திற் குறைந்தவை. குருதிப்பெருக்கு கூடியது, மரணமும் நேர்ந்தது. அதே வருட முடிவில் பழைய கருவிகளுக்கே திரும்பினார்கள். அந்த முடிவை எடுத்தவர்களை மடையர் என்று சொல்ல மாட்டோம். அன்று கையில் இருந்த தகவல் அவ்வளவுதான். ஆனால் அரிதான ஆபத்துக்கு வழி அடைக்கும்போது, அன்றாட ஆபத்துக்கு எத்தனை கதவு திறக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அதன் பின்னர்தான் வந்தது.

இதே துறையில் வேலை செய்யும் எங்களில் ஒருவருக்கு வாசிக்கவே முடியாமற் போன ஒரு செய்தி உண்டு. 2010 இல் பிரான்சில் ஓர் ஆய்வுகூடத்தில் 24 வயதுப் பெண் ஒருவர், தொற்றுள்ள எலி மூளையை மென்தகடாகச் சீவும் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வளைந்த இடுக்கியின் முனை இரண்டு கையுறைகளையும் துளைத்துப் பெருவிரலிற் குத்தியது. ஏழரை வருடம் ஒன்றுமில்லை. பின் தோளிலும் கழுத்திலும் எரிவு தொடங்கியது. 2019 இல், 33 வயதில் அவர் இறந்தார். 2021 இல் பிரான்சின் அரச ஆய்வுகூடங்கள் இந்த ஆய்வைச் சிலகாலம் நிறுத்திவைத்தன. எங்கள் ஆய்வுகூடத்திலும் அன்று முதல் கூரிய உலோக இடுக்கிகள் போய்ப் பிளாஸ்ரிக் வந்தது, வெட்டுத் தாங்கும் கையுறை வந்தது. அந்தப் பிள்ளையும் எங்களைப் போலவே ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்தான். உயர்தரத்தில் இருக்கும் பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆய்வுக்கு வாருங்கள். வந்து, எந்தப் பேராசிரியர் அவசரப்படுத்தினாலும் சரியான கையுறை தரும்வரை இடுக்கியைத் தொடாதீர்கள்.

மருந்து வருமா? சூரிச் மீண்டும் வருகின்றது. 1990களின் தொடக்கத்தில் வைஸ்மன் குழு அந்தப் புரதமே இல்லாத எலிகளை வளர்த்தது. அவை சாதாரணமாக வாழ்ந்தன. தொற்றைக் கொடுத்தாலும் நோய் வரவில்லை. பாணி இல்லாவிட்டால் கற்கண்டு இல்லை. அமெரிக்காவில் சோனியா வல்லாப் என்பவர் சட்டம் படித்தவர். 2010 இல் அவருடைய தாய் பரம்பரைப் பிரியோன் நோயினால் இறந்தார். அதே மரபுப் பிழை தன்னிடமும் இருப்பதைப் பரிசோதித்து அறிந்தார். சட்டத்தை விட்டு, கணவரோடு சேர்ந்து உயிரியல் படித்து, கலாநிதிப் பட்டமும் பெற்று, இந்தப் புரதத்தின் உற்பத்தியையே குறைக்கும் மருந்துக்காக உழைக்கிறார். அந்த வகை மருந்தொன்று இப்போது நோயாளரிற் பரிசோதிக்கப்படுகின்றது. முடிவு வரும்வரை நாங்கள் எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை.

கடைசியாக, வெளிநாட்டுக் கிளைகளுக்கு. எண்பதுகளில் நாட்டை விட்டுப் போனவர்களில் பலர் முதலில் லண்டனில் இருந்து, பின்னர் ரொறன்ரோவுக்கோ சிட்னிக்கோ போனீர்கள். அங்கே குருதி கொடுக்கப் போனபோது “1980 இற்கும் 1996 இற்கும் இடையில் பிரித்தானியாவில் இருந்தீர்களா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அகதி என்பதற்காகவோ நிறத்துக்காகவோ என்று மனம் நொந்தவர்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். காரணம் மாட்டிறைச்சியும் இந்தப் புரதமுந்தான். அந்த வருடங்களில் அங்கிருந்த ஆங்கிலேயரையும் அப்படியே திருப்பினார்கள். காரணமில்லாத தடையும் அல்ல. பிரித்தானியாவில் குருதி ஏற்றியதால் சிலருக்கு நோய் பரவியது. பின்னர் அங்கே 32,441 குடல்வாற் துண்டுகளைச் சோதித்தபோது 16 இல் பிழையான புரதம் இருந்தது. கிட்டத்தட்ட இரண்டாயிரத்தில் ஒன்று. ஆனாலும் பயந்த அளவுக்கு நோயாளர் வரவில்லை. அங்கே இறந்தவர் தொகை 178 உடன் நின்றுவிட்டது. அவுஸ்திரேலியா 2022 ஜூலையிலும், கனடா 2023 டிசம்பரிலும் தடையை நீக்கின. நூற்றாண்டு நினைவாக இரத்ததானம் செய்யக் கிளைகள் யோசிப்பதாக அறிகிறோம். முன்பு திருப்பி அனுப்பப்பட்ட அக்காமார் வயதும் உடல்நிலையும் இடங்கொடுத்தால் மறுபடி போய்க் கேளுங்கள். சிறு வயதில் வளர்ச்சி ஓமோன் ஊசி போட்டவர்களும், 1980களில் மூளைச் சத்திரசிகிச்சையில் மூளையுறை ஒட்டு வைத்தவர்களும் மட்டும் அதை அங்கே தவறாமற் சொல்லுங்கள். இறந்தவர்களிடமிருந்து எடுத்த அந்தப் பொருட்கள் மூலம் நோய் பரவியதால், அவர்களுக்கான தடை இன்னும் உண்டு.

தலைவி அக்கா மணிக்கூட்டைப் பார்க்கிறார். பிளேற்றைக் கழற்ற வேண்டுமா, விடலாமா என்று கேட்க நினைப்பவர்கள் தேநீர் இடைவேளையில் கதிர்ப்படத்தோடு வாருங்கள். வலது பக்க மேசையில் இருப்போம்.